நிற்கும்போது மட்டும்

ஓடும்போது ஒன்றுமில்லை.
கிரீன் லேன் சிவப்பு விளக்கில் நின்றால்
ஊசி எழுநூறிலிருந்து நானூறுக்குச் சரியும்.
ஸ்டியரிங் நடுங்கும்,
சில்லறைக் குழியில் இருபது சென் காசுகள்
பல்லைக் கடிக்கும்.
பின்னால் மோட்டார் சைக்கிள்கள் முண்டியடிக்க
அணையாதே, அணையாதே என்று
ஒரு கால் பிரேக்கிலும் ஒரு கால் எண்ணெயிலுமாகக்
கெஞ்சிக்கொண்டிருப்பேன்,
பதினோரு வயதுக் காடியிடம்.

பாயான் லெப்பாஸ் சர்வீஸ் சென்டரில்
குளிர்காற்று, இலவச மைலோ, மீன்தொட்டி.
ஹைருல் நல்ல பையன்.
"கம்ப்யூட்டர் சொல்லிடும், கக்" என்றான்.
கம்ப்யூட்டர் பார்த்தது நூற்றுத் தொண்ணூறு வெள்ளி.
த்ரோட்டில் பாடி கழுவியது நூற்றறுபது.
ஸ்பார்க் பிளக் நான்கு, நான் கேட்காமலே.
இதர, முப்பத்தெட்டு.
லேபர் என்று ஒரு தொகை,
வரி என்று அதன் வாலில் ஒன்று.
ஆக எண்ணூற்று அறுபத்து நான்கு வெள்ளி, இருபது சென்.
பெயர்க் கட்டத்தில் இடம் போதாமல்
'மங்களேஸ்வ' வரைக்கும்தான் நான்.

திரும்பும் வழியில் அதே விளக்கு.
அதே நானூறு.

மறுநாள் போன் செய்தேன்.
வால்வாக இருக்கலாமாம், கொண்டு வரவேண்டுமாம்,
மறுபடி பார்ப்பதற்கும் நூற்றுத் தொண்ணூறாம்.
கிடைக்காததைத் தேடியதற்கும் கூலி உண்டு.
சத்தம் போட வாயெடுத்தேன்,
வரவில்லை.

நான் டயாலிசிஸ் நர்ஸ்.
ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டின் மாடி,
பன்னிரண்டு சாய்வு நாற்காலி.
மாதக் கடைசியில் பில் நீட்டுவதும் நான்தான்.
சவரிராயன் ஒருமுறை
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
"இந்த 'இதர'ன்னா என்னம்மா?" என்று கேட்டார்.
"எல்லாருக்கும் போடுறதுதான் அங்கிள்."
ஊசி ஏறாத கையால்
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வியாழன் இரவு, கடைசி ஷிப்ட் முடிந்து
பானெட்டைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டேன்.
கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பின்
வட்டைக் கழற்றினேன்.
வெறும் குழாய் முனையைக்
குழாய் குழாயாக நகர்த்தினேன்.
நேப்பாளக் காவலாளி முதலில் சிரித்தான்,
பிறகு டார்ச் பிடித்தான்.

என் காதுக்கு இது பழக்கம்.
தினமும் பன்னிரண்டு முழங்கைகளில்
ரத்தம் ஊதிக்கொண்டு ஓடுவதைக் கேட்கிறேன்.
அது இளைத்தால் தெரியும்,
வழிமாறினால் தெரியும்.
இங்கே இரைச்சல், இரைச்சல், இன்னும் இரைச்சல்,
அதற்கு அடியில்
யாரோ பல்லிடுக்கில் காற்றை இழுப்பதுபோல் ஒரு சீற்றம்.

சுண்டுவிரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய்.
அதன் வளைவுக்குப் பின்னால்
ஓர் அரிசி நீளத்துக்கு வெடிப்பு.
விரலை வைத்தேன்; விரல் நுனியை உறிஞ்சிக்கொண்டது.
நடுக்கம் அடங்கியது.
காவலாளி ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்து
"துஜோ ராத்துஸ்!" என்று கத்தினான்.
எழுநூறு.
எனக்கு அழுகை வந்தது, அல்லது
பசியாகவும் இருக்கலாம், மணி பதினொன்றரை.

புதுக் குழாய் பதினெட்டு வெள்ளியாம்.
ஹைருல் வருத்தம் தெரிவித்து
கார் கழுவ ஒரு கூப்பன் கொடுத்தான்.
பணம் திரும்பாது, வேலை நடந்துவிட்டதாம்.
வாங்கிக்கொண்டேன்.
அவனுக்கும் மேலே ஒரு ஆள் இருப்பான்,
கட்டம் கட்டமாகத் தாள் அச்சடிக்கிறவன்.

ஆனால் அந்த வியாழன் இரவு
கடையெல்லாம் மூடியிருந்தது.
மாடிக்கு ஏறிப்போய்
ஊசியை ஒட்டும் வெள்ளை டேப் ஒரு சுருள் எடுத்து வந்தேன்.
வெடிப்பின் மேல் ஆறு சுற்று,
நரம்பு பார்த்துச் சுற்றுகிற அதே கவனத்தோடு.
வீடுவரை தாங்கியது.
கிரீன் லேனில் நின்றபோது ஊசி அசையவே இல்லை.
அந்த டேப் எந்தக் கணக்கில் ஏறும் என்பது
அப்போதுதான் உறைத்தது.

நாளை சனிக்கிழமை.
ஏழாம் நாற்காலிக்குச் சவரிராயன் வருவார்.
'இதர' என்றால் என்ன என்று
அவர் இப்போதெல்லாம் கேட்பதில்லை.